பழைய காரின் ஆக்ஸில் பூட்: பார்க்கும் முறையும் காக்கும் முறையும்

முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் கார்களில், கியர் பாக்ஸிலிருந்து இரு சக்கரங்களுக்கும் செல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு முனையிலும் மடிப்பு மடிப்பாக, கூம்பு வடிவில் ஒரு ரப்பர் உறை இருக்கும். ஒரு காருக்கு இப்படி நான்கு உறைகள் உண்டு. மெக்கானிக்குகள் இவற்றை ஆக்ஸில் பூட் என்பார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் இந்தப் பாகம் நம் வீடுகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஓடிய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. மாருதி ஓம்னியும் அப்படியே. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. மாருதி 800, ஜென், ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா போன்ற கார்களில் பத்துப் பதினைந்து ஆண்டு கடந்த ஒன்றை ஓட்டுகிறீர்கள் என்றால், காருக்கு அடியில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

காரணம், உறைக்குள் இருக்கும் ஜாயின்ட்டின், அதாவது ஷாஃப்ட் வளைந்தபடியே சுழல இடம் கொடுக்கும் இணைப்பின், அமைப்பு. சக்கரத்தை ஒட்டிய வெளிப்புற ஜாயின்ட்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள், கடினமாக்கப்பட்ட பள்ளங்களில் உருண்டபடி, ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சக்கரத்தை ஒரே சீராகச் சுழற்றுகின்றன. அவற்றைச் சுற்றி மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ் நிறைந்திருக்கும். பழைய கார்களில் பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு நிப்பிள் என்னும் சிறு முனை வழியாக அவ்வப்போது கிரீஸ் அடித்ததுபோல இதற்கு அடிக்க வழியில்லை; ஒரு முறை வைத்து மூடினால் அதுவே கடைசி வரைக்கும். பூட் கிழிந்துவிட்டால், சுழலும் ஷாஃப்ட் அந்த கிரீஸை வெளியே வீசி எறிந்துவிடும். அந்த இடத்தில் மழைநீரும் மணலும் புகுந்து, மிச்சமிருக்கும் கிரீஸோடு கலந்து, குண்டுகளையும் பள்ளங்களையும் தேய்க்கும் உப்புத்தாள் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். கார் உள்ளவரை உழைக்கக்கூடிய ஜாயின்ட் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பாழாவது இப்படித்தான். பூட்டின் விலை ஜாயின்ட்டின் விலையில் சிறு பங்குதான் என்பதை நினைத்தால், கிழிவதற்கு முன்பே கவனிப்பதன் அருமை தெரியும்.

நான்கில் முதலில் கிழிவது பெரும்பாலும் சக்கரத்துப் பக்கம் இருக்கும் இரண்டு பூட்களே. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வெளிப்புற ஜாயின்ட் 40 பாகை அளவுக்கும் அதற்கு மேலும் வளைகிறது. அந்த வளைவில், ஒவ்வொரு சுற்றுக்கும் பூட்டின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விரிகிறது. உட்புறப் பூட்கள் இவ்வளவு வளைவதில்லை. ஆனால் கியர் பாக்ஸின் சூட்டையும் சைலன்சர் குழாயின் சூட்டையும் அவைதான் தாங்குகின்றன.

எப்போது பார்ப்பது

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும், மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறையும் பார்ப்பது நம் ஊருக்குப் பொருந்தும் கணக்கு. தேங்கிய நீரில் ஓட்டும் நாட்களுக்கு முன்பே கிழிசல் தெரிந்துவிட்டால் ஜாயின்ட் தப்பித்துவிடும். இன்ஜின் ஆயில் மாற்றுவதற்காக காரை ரேம்ப்பில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கூடவே நின்று பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. இவை தவிர, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் கொள்ளு முதலிய பயிர்களைக் கதிரடிப்பதற்காகச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டிச் சென்றால் கொடிகள் டிரைவ் ஷாஃப்ட்டில் இறுகச் சுற்றிக்கொண்டு, சூடேறி, பூட்டை அறுத்துவிடும். அப்படிப்பட்ட சாலையைக் கடந்தவுடன் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். சுற்றியிருப்பதை இன்ஜின் சூடு தணிந்த பிறகு கையால் பிரித்தெடுங்கள். கத்தியை பூட்டின் அருகே கொண்டு போகாதீர்கள்.

ஜாக் இல்லாமல் பார்ப்பது

பெரும்பாலான கோளாறுகளை காரைத் தூக்காமலே கண்டுபிடித்துவிடலாம். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுதாக ஒடித்து, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். இப்போது இடது முன்சக்கரத்துக்கு முன்புறமாகவும், வலது முன்சக்கரத்துக்குப் பின்புறமாகவும் இடைவெளி திறந்திருக்கும். அந்த வழியாக டார்ச் அடித்தால் வெளிப்புறப் பூட் தெளிவாகத் தெரியும். பிறகு வலது பக்கம் முழுதாக ஒடித்து, இதையே பக்கம் மாற்றிச் செய்யுங்கள். ஒரு நிலையில் பூட்டின் ஒரு பகுதிதான் கண்ணுக்குப் படும் என்பதால், சக்கரம் கால் சுற்று சுழலும் அளவுக்குக் காரை நகர்த்தி நகர்த்தி நிறுத்தி, பூட் முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாக இருப்பதைக் கண்டு திருப்தியடைந்து, மறுபக்கம் இருந்த வாயகன்ற கிழிசலைத் தவறவிட்டவர்கள் பலர்.

பூட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். சக்கர ரிம்மின் உட்புறம், டயரின் உள்விளிம்பு, ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி, பிரேக் கேலிப்பர் ஆகியவற்றில் கறுப்பு கிரீஸ் கோடாகவோ புள்ளிகளாகவோ தெறித்திருந்தால், பூட் கிழிந்திருக்கிறது அல்லது அதன் வாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த கிரீஸ் பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் உடனே சுத்தம் செய்தாக வேண்டும்.

அடுத்து மடிப்புகள். வெடிப்பு தொடங்குவது மேட்டில் அல்ல, இரண்டு மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில். மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரு கட்டைவிரல்களால் பள்ளத்தை மெல்ல விரித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை போன்ற நுண்கோடுகள் மட்டும் இருந்தால் அது வயதின் அடையாளம். அடுத்த மழைக்காலத்துக்குள் மாற்றுவதாகத் திட்டமிடலாம். விரித்தவுடன் கோடு வாய் திறந்து ஆழம் தெரிந்தாலோ, உள்ளே ஈரப்பசை மின்னினாலோ, காத்திருக்கக் கூடாது. பிற்காலக் கார்கள் சிலவற்றில் நியோப்ரீன் ரப்பருக்குப் பதிலாகத் தெர்மோபிளாஸ்டிக் பூட்கள் இருக்கும். அவை புதிதாகவே விறைப்பாக இருப்பவை, ஆகையால் விறைப்பை மட்டும் வைத்துப் பழசு என்று முடிவு கட்ட வேண்டாம்.

பூட் முழுதாக இருந்தும் அதன் வாய்ப்பகுதியில் கிரீஸ் கசிந்திருந்தால் குற்றம் கிளாம்ப்பினுடையது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றுப்பட்டு மலிவான கிளாம்ப்கள் துருவேறி விட்டுப்போவது சாதாரணம். துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் போட்டால் அந்தத் தொல்லை தீரும். கேபிள் டை போட்டுக் கட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்; சூட்டில் இளகிப்போகும் பொருளுக்கு இங்கே இடமில்லை.

அடியில் நுழைந்து பார்ப்பது

உட்புறப் பூட்களைப் பார்க்கக் காரைத் தூக்க வேண்டியிருக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள்; ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரை அசைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே நுழையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் ரேம்ப் இருக்கும் பட்டறைக்கே போய்விடுவது நல்லது. கியரை நியூட்ரலில் வைத்தால் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றலாம். உட்புறத்தில் ஈரம் தெரிந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகவும் கறுப்பாகவும் இருந்தால் பூட் கிரீஸ்; நீர்த்து, நெடியோடு வழிந்தால் அது கியர் ஆயில், ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையற்ற பாகத்துக்குக் காசு கொடுக்க நேரிடும்.

கிழிந்திருந்தால்

முதலில் ஜாயின்ட்டின் நிலையை அறிய வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, மெதுவாக வட்டமடித்து, சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கேளுங்கள். சக்கரம் சுழலும் தாளத்துக்கு டக் டக் என்று ஒலி வந்தால் வெளிப்புற ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அப்போது பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. நேராக ஓடும்போது வேகமெடுத்தால் மட்டும் கார் குலுங்குமானால் உட்புற ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். ஒலியும் குலுக்கலும் இல்லை, கசிந்த கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்தால் மணல் நெருடவும் இல்லை என்றால், ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸும் புதுப் பூட்டும் போட்டுத் தொடரலாம். ஒலி இல்லாவிட்டாலும் மணல் நெருடினால், கழற்றிக் கழுவிய பிறகு குண்டுகளிலும் பள்ளங்களிலும் குழிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஷாஃப்ட்டைக் கைவிட்டு, தரம் தெரியாத மலிவான முழு ஷாஃப்ட்டை மாட்டுவது பழைய காருக்குச் செய்யும் நன்மை அல்ல.

இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டாலும், சிலவற்றைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஷாஃப்ட்டை கியர் பாக்ஸிலிருந்து உருவும் முன் கியர் ஆயிலை வடித்தார்களா, மண்ணெண்ணெயில் கழுவிய ஜாயின்ட்டை முற்றிலும் உலர்த்தினார்களா என்று பாருங்கள். பூட் கிட்டோடு வரும் கிரீஸ் முழுவதும் உள்ளே போக வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது. ஷாஃப்ட் நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்பும் ஆக்ஸில் நட்டும் புதியவையாக இருக்கட்டும். பூட்டின் சிறிய வாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதற்கு முன், ஷாஃப்ட்டை அதன் இயல்பான நீளத்தில் வைத்து, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை விளிம்புக்கடியில் நுழைத்துச் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இது செய்யப்படாத பூட் உப்பியோ உள்வாங்கியோ நின்று, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிச் சீக்கிரம் கிழியும். ஷாஃப்ட்டைக் கழற்றாமல் சுற்றி ஒட்டும் பிளவுபட்ட பூட்களும் கிடைக்கின்றன. ஒட்டும் விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் பிடிக்காது என்பதால், வழியில் மாட்டிக்கொண்டபோது ஊர் வந்து சேர்வதற்கு மட்டுமே அவற்றை ஏற்பேன். ஒரு பக்கத்து வெளிப்புறப் பூட் வயதாகிக் கிழிந்திருந்தால் மறுபக்கத்ததும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கிழியாமல் காப்பது

ரப்பருக்கு முதல் எதிரி எண்ணெய். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் சில இடங்களில் அடிப்பகுதி முழுவதும் டீசலோ பழைய ஆயிலோ பீய்ச்சி அடிப்பார்கள். பூட்களின் மேல் அது படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் நன்மை செய்யாது, அது புழுதியை ஈர்த்து மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். அதே காரணத்தால், மேலிருந்து பூட்டின்மேல் சொட்டும் இன்ஜின் ஆயில் கசிவையோ ஸ்டீயரிங் ஆயில் கசிவையோ நிறுத்தாமல் புதுப் பூட் போடுவது வீண் செலவு. சோப்பு நீரால் மண்ணைக் கழுவி உலரவிட்டு, நீர் அடிப்படையிலான சிலிக்கோன் வகை ரப்பர் பாதுகாப்புத் திரவத்தைத் துணியில் நனைத்து மெல்லத் தடவலாம். பிரேக் டிஸ்க்கில் அது தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்ட வெடிப்பை எந்தத் திரவமும் மூடாது. நல்ல ரப்பர் காய்ந்துபோவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம், அவ்வளவே. அழுத்த நீர்க் குழாயைக் கிளாம்ப் விளிம்பை நோக்கிப் பிடிக்க விடாதீர்கள்.

நிறுத்தும் பழக்கத்திலும் கவனம் தேவை. ஸ்டீயரிங்கை ஒடித்த நிலையிலேயே நாள்கணக்கில் நிறுத்தினால், பூட்டின் ஒரு பக்கம் இழுபட்டபடியே இருந்து அங்கேதான் முதலில் வெடிக்கும்; சக்கரங்களை நேராக்கி நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் தொங்கும்படி காரை ஸ்டாண்டில் நெடுநாள் வைக்காதீர்கள். நிறுத்தியே வைத்திருக்கும் காரை அவ்வப்போது சிறிது தூரம் ஓட்டுவதோடு, எலி நடமாட்டம் உள்ள கொட்டகையானால் ஓட்டும் முன் பூட்களில் கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுப் பூட் போட்டபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், அதே டார்ச் வெளிச்சத்தில் கிளாம்ப்களைச் சுற்றி ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். கிரீஸ் ஒட்டினால் அன்றே பட்டறைக்குத் திரும்புங்கள். விரல் உலர்ந்தே இருந்தால் மாற்றிய தேதியையும் மீட்டர் அளவையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.