டெராஃபார்மில் உள்ளீட்டு மாறிகளைக் கையாளும் முறை

டெராஃபார்ம் என்பது சர்வர் போன்ற உள்கட்டமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி; அந்தக் கோடுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகளே உள்ளீட்டு மாறிகள். ஒரு மதிப்பை மாறியாக அறிவிக்கும் முன், அது சூழலுக்குச் சூழல் (சோதனை, உற்பத்தி போன்றவை) உண்மையிலேயே மாறுமா என்று பாருங்கள். சர்வரின் அளவும், அது இயங்கும் பகுதியான ரீஜனும் மாறக்கூடியவை. எங்கும் ஒன்றாகவே இருக்கும் மதிப்புகளையும், பிற மாறிகளைச் சேர்த்து உருவாக்கும் பெயர்களையும் 'லோக்கல்ஸ்' தொகுதியில் வைத்துவிடலாம்.

அறிவிக்கும் ஒவ்வொரு மாறிக்கும் வகையையும் விளக்கத்தையும் எழுதுங்கள். வகையைக் குறிப்பிடாவிட்டால் டெராஃபார்ம் எதையும் ஏற்றுக்கொள்ளும். பிழையோ அந்த மதிப்பைப் பயன்படுத்தும் ஏதோ ஒரு ரிசோர்ஸில்தான் (டெராஃபார்ம் உருவாக்கும் சர்வர் போன்ற கூறு) வெளிப்படும். இயல்பு மதிப்பு தருவதில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். சூழலின் பெயர் போல, தவறினால் சேதம் விளைவிக்கும் மாறிக்கு நான் இயல்பு மதிப்பே தருவதில்லை. தானியங்கி பைப்லைனில் 'இன்புட்' தேர்வை 'ஃபால்ஸ்' என்று அமைத்துவிட்டால், மதிப்பு இல்லாதபோது அது கேள்வி கேட்டுக் காத்திராமல் பிழையுடன் நின்றுவிடும்.

0.13 பதிப்பிலிருந்து மாறிக்குள்ளேயே 'வேலிடேஷன்' தொகுதியை எழுதலாம். 1.9க்கு முன்பு அந்த நிபந்தனை தன் மாறியை மட்டுமே சுட்ட முடிந்தது. இப்போது பிற மாறிகளையும் சுட்டலாம் என்பதால், குறைந்தபட்ச எண்ணிக்கை அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது போன்ற விதிகளையும் அங்கேயே எழுதிவிட முடிகிறது.

பலரும் தடுமாறுவது, ஒரே மாறிக்குப் பல இடங்களில் மதிப்பு தந்தால் எது வெல்லும் என்ற முன்னுரிமையில்தான். 'டிஎஃப்_வார்_' என்று தொடங்கும் சூழல் மாறிகளுக்கு (இயங்குதளத்தில் அமைக்கும் மாறிகள்), இயல்பு மதிப்புக்கு அடுத்தபடியாக, மிகக் குறைந்த முன்னுரிமையே உண்டு. அவற்றை 'டெராஃபார்ம்.டிஎஃப்வார்ஸ்' கோப்பும், அதனை அகரவரிசையில் படிக்கப்படும் 'ஆட்டோ.டிஎஃப்வார்ஸ்' கோப்புகளும், அவை எல்லாவற்றையும் கட்டளை வரியில் தரும் மதிப்புகளும் மேலெழுதும். ஆகவே, கோப்பில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மதிப்பைச் சூழல் மாறியால் மாற்ற முயன்றால் எந்த மாற்றமும் நிகழாது. 'ப்ராட்.டிஎஃப்வார்ஸ்' போன்ற பெயருள்ள கோப்பு தானாகப் படிக்கப்படாது. 'வார்-ஃபைல்' தேர்வின் வழியே அதை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தால் கட்டளை வரியில் பிழையாகவும் டிஎஃப்வார்ஸ் கோப்பில் எச்சரிக்கையாகவும் தெரியும். சூழல் மாறியிலோ ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். இயல்பு மதிப்பு உள்ள மாறியில் இந்தப் பிழை நேர்ந்தால், திட்டம் ('ப்ளான்', செய்யப்போகும் மாற்றங்களின் பட்டியல்) தவறான மதிப்போடு ஓடி முடியும் வரை யாருக்கும் தெரியாமல் போகக்கூடும் என்பதால், சாதாரண மதிப்புகளைக் கோப்பிலும் ரகசியங்களை மட்டும் சூழல் மாறியிலும் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ரகசிய மாறிக்கு 'சென்சிடிவ்' என்று குறித்தால் திரையில் மதிப்பு மறைக்கப்படும். ஆனால் தான் உருவாக்கியவற்றை டெராஃபார்ம் பதிவு செய்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் அது அப்படியே வெளிப்படையாக எழுதப்படுகிறது. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்: ஸ்டேட்டை மறையாக்கம் செய்யப்பட்ட தொலைநிலை பேக்கெண்டில் (ஸ்டேட்டைச் சேமிக்கும் இடம்) வைத்து, அதைப் படிக்கும் உரிமையைத் தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள், ரகசியம் உள்ள கோப்பை கிட்டில் (கோடின் பதிப்புகளைப் பதிவு செய்யும் கருவி) சேர்க்காதீர்கள். 1.10 பதிப்பில் வந்த 'எஃபெமரல்' மாறிகள் ஸ்டேட்டிலும் திட்டக் கோப்பிலும் பதிவாவதில்லை. ஆனால் ப்ரொவைடர் (கிளவுட் சேவையோடு டெராஃபார்மை இணைக்கும் செருகுநிரல்) அமைப்பு போன்ற சில இடங்களில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த முடியும்.

இறுதியில் எந்த மதிப்பு செல்லுபடியாகிறது என்ற ஐயம் எழுந்தால், அதே கோப்புத் தேர்வுகளுடன் 'டெராஃபார்ம் கன்சோல்' கட்டளையை இயக்கி, 'வார்.' என்பதோடு மாறியின் பெயரைச் சேர்த்துத் தட்டச்சு செய்து, திட்டத்தை ஓட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.