வேறு மதத்தில் மறுமணமா? பழைய கணக்கை முதலில் முடியுங்கள்

இரண்டாம் கல்யாணம், அதிலும் ஆள் வேறு மதம் என்றால், யார் மதம் மாறுவது, தாலியா மோதிரமா என்றே வீட்டில் பேச்சு ஓடும். ஆனால் நான் பார்த்தவரை காலை வாரிவிடுவது முதல் கல்யாணம்தான்.

என் சித்தி பெண்ணின் கையில் இருந்தது இருபது ரூபாய் பத்திரம். 'இனி இருவருக்கும் சம்பந்தமில்லை' என்று ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை, ஆறு வருடமாக விவாகரத்து என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இப்படிப் பெரியவர்கள் முன்னால் பிரிந்துகொள்ளும் 'அத்துவிடும்' வழக்கம் உள்ள சமூகங்களில் அதைச் சட்டம் ஏற்கும், ஆனால் அந்த வழக்கத்தை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அவள் கட்டிக்கொள்ளப் போனவர் மனைவியை இழந்த கிறிஸ்தவர். ரெஜிஸ்டர் ஆபீசில் அவரிடம் மனைவியின் இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள், இவளிடம் கோர்ட் தீர்ப்பு நகலை. அப்புறம் போய் வழக்குப் போட்டு வாங்கிவந்தாள்.

தீர்ப்பு வந்த மறுவாரமே நாள் குறிப்பது அடுத்த தவறு. இருவரும் சம்மதித்து வாங்கிய குடும்பநல நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, அதனால் காத்திருக்க வேண்டாம். ஒருவர் எதிர்த்து நடந்த வழக்கென்றால், மேல்முறையீட்டுக்கு ஒரு சட்டம் 30 நாள் என்கிறது, இன்னொன்று 90 என்கிறது. வம்பே வேண்டாம், 90 தாண்டட்டும்.

மதம் மாறினால் பழைய கல்யாணம் தானாகப் போய்விடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். போகாது. 1995-லேயே சரளா முத்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்யும் இரண்டாம் கல்யாணம் குற்றம் என்று சொல்லிவிட்டது. அதேபோல், சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் 1967 சட்டத்திருத்தம் இருவரும் இந்துவாக இருந்தால் மட்டுமே. மதம் மாறாமல் கட்டிக்கொள்ள வழி 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம்தான். கல்யாணம் செய்யப்போகிறோம் என்று ரெஜிஸ்டர் ஆபீசில் கொடுக்கும் நோட்டீஸ் 30 நாள் பலகையில் தொங்கும், அதைக் கணக்கில் வைக்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் நோட்டீஸும் காலாவதி.

சொத்து விஷயத்தைத்தான் எல்லாரும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிறார்கள். சித்தி பெண் கட்டிக்கொண்டவர் தன் வீட்டை முதல் மனைவிக்குப் பிறந்த மகள் பேருக்கு எப்போதோ உயில் எழுதி வைத்திருந்தார். கிறிஸ்தவர் மறுபடி கல்யாணம் செய்தால் பழைய உயில் தானாக ரத்து! புதிதாக எழுதாவிட்டால் 1925-ன் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அவர் மகளுக்கு. இவள் கூட்டிப்போன மகனுக்கோ, அவர் முறைப்படி தத்தெடுக்காதவரை, ஒரு செங்கல்கூடக் கிடையாது. 'ரெண்டும் என் பிள்ளைதான்' என்று அவர் வாயால் சொன்னது போதும் என்றிருந்தாள், நாங்கள்தான் நச்சரித்துக் கல்யாணமான மறுமாதம் புது உயில் எழுத வைத்தோம்.

இன்னொன்று, இறந்தவரின் நினைவோடு போட்டி போடுவது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அவர் மகள் அம்மா கல்லறைக்குக் கிளம்பியபோது, 'நீயும் போகணுமா?' என்று சித்தி பெண்ணைப் பார்த்து இங்கே பெரியம்மா முகம் சுளித்தாள். இவள் போனாள். ஜெபம் எதுவும் தெரியாது. கல்லறையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, அந்தப் பெண் ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.