லைக்கன் பிளானஸ்: தோலுக்கு மருந்து போட்டு வாயை மறக்காதீர்கள்

மணிக்கட்டின் உட்புறத்திலும் கணுக்காலிலும் கருநீலம் கலந்த தட்டையான, பளபளக்கும் தடிப்புகள். அரிப்பு தூங்கவிடாது. திருநெல்வேலிப் பக்கம் பலரும் உடனே மருந்துக் கடையில் படைக் களிம்பு கேட்டு வாங்குகிறார்கள். சிலர் அக்கி என்று காவி பூசிக்கொள்கிறார்கள். இது படையும் இல்லை, அக்கியும் இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்களே தோலைத் தாக்குவதால் வருவது லைக்கன் பிளானஸ். பூஞ்சைக் களிம்பு இதற்குப் பயன்படாது. தொட்டால் ஒட்டாது, ஆகவே வீட்டில் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைப்பது நோயாளிக்குச் செய்யும் கொடுமை.

அரிப்புக்குப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பது அடுத்த தவறு. நகம் கீறிய கோட்டிலேயே புதிய தடிப்புகள் வரிசையாக முளைக்கும். ஓரிரு ஆண்டுகளில் தடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும், கருந்தழும்பு மட்டும் நெடுநாள் நிற்கும். அதையும் நோய் என்று எண்ணி ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும்.

எனக்குப் பெரிய கவலை வாயைப் பற்றியதுதான். இதே நோய் வாயிலும் வரும். கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. சிலருக்கு அது சிவந்து புண்ணாகி, புளிக்குழம்பு பட்டாலே எரியும். உடனே 'சூட்டுப் புண்' என்று மணத்தக்காளிக் கீரையும் சத்து மாத்திரையுமாக மாதங்கள் ஓடிவிடுகின்றன. கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். வெற்றிலை, புகையிலை, பீடிப் பழக்கம் இருந்தால் அந்த வெள்ளை வேறொரு நோயாகவும் இருக்கலாம். சிறிது சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். 'கத்தி பட்டால் பரவும்' என்று பயந்து மறுக்காதீர்கள், அப்படிப் பரவாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் இதே போன்ற தடிப்பைக் கிளப்பும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. மாற்றித் தருவது மருத்துவர் வேலை.

தோல் ஆறினாலும் வாயில் பல ஆண்டுகள் நீடிக்கும். நூற்றில் ஒருவருக்கு அது புற்றுநோயாக மாறலாம் என்பதால், எரிச்சல் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள். இடையில் கட்டியோ, ஆறாத புண்ணோ தென்பட்டால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.