மட்டக்குதிரைப் போட்டிக்குக் குழந்தையை அனுப்பும் முன்: நாம் செய்யும் தவறுகள்

என் மகளுக்கு 7 வயது முடிந்த மாதமே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஓசூரில் விடியற்காலை 4 மணிக்கு அவளை எழுப்பி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்து, மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மைதானத்துக்குள் அவள் இருந்தது இரண்டே நிமிடம். தரையில் வரிசையாகக் கட்டைகள் போட்டிருந்தார்கள், குதிரையில் அவற்றைத் தாண்டி வர வேண்டும். மட்டக்குதிரை முதல் கட்டையைத் தாண்டியது. அப்புறம் நேராக வாசல் பக்கம் போய், வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவள் காலால் தட்டிப் பார்த்தாள், கடிவாளத்தை இழுத்துப் பார்த்தாள், கடைசியில் அழுதுவிட்டாள்.

வெளியே வந்ததும் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், பாப்பா இத்தனை நாளா குதிரையை ஓட்டல. முன்னாடி போற குதிரை பின்னாலயே இது போச்சு, அவ்வளவுதான்."

இதைத்தான் முதல் தவறு என்று சொல்வேன். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. பயிற்சி வகுப்பில் ஐந்தாறு குதிரைகள் வரிசையாகச் சுற்றும்போது, முன்னால் இருப்பது திரும்பினால் பின்னால் இருப்பதும் திரும்பும், அது நின்றால் இதுவும் நிற்கும். மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஓட்டுவது போலவே தெரியும். நாமும் செல்போனில் வீடியோ எடுத்து சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அனுப்புவோம். போட்டி மைதானத்தில் முன்னால் போக இன்னொரு குதிரை கிடையாது. தனியாக விடப்பட்ட குதிரை, மற்ற குதிரைகள் நிற்கும் வாசலை நோக்கித்தான் போகப் பார்க்கும்.

பிள்ளை தயாரா என்று தெரிய வேண்டுமானால் பயிற்சியாளரிடம் ஒரு விஷயம் கேளுங்கள். குதிரையை வரிசையிலிருந்து பிரித்து, வாசலுக்கு முதுகு காட்டி, தனியாக ஒரு பெரிய வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு, "அந்த மஞ்சள் டிரம் பக்கத்துல நிறுத்து" என்று ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிரம்மைத் தாண்டி நாலு அடி போய் நின்றால் கணக்கில் சேராது. என் மகள் இதை முதல் தடவை செய்தபோது குதிரை டிரம்மை முகர்ந்துவிட்டு, புல் மேயப் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துச் சொன்ன இடத்தில் நின்றது. அந்த ஆறு மாதத்தில் அவள் வேகமாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் பொறுமை இல்லாமல்தான் இருந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாவில் காளை எத்தனை விநாடியில் ஓடி முடித்தது என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. அதே கண்ணோடு குதிரையையும் பார்க்கிறோம். "சார், கேன்டர் எப்ப சொல்லித் தருவீங்க?" என்பதுதான் எல்லா அப்பாக்களும் கேட்கும் கேள்வி. கேன்டர் என்றால் குதிரை தாவித் தாவி ஓடுவது. நடைக்கும் கேன்டருக்கும் நடுவில் டிராட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தாள நடை, மேலே இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்தத் தாளத்தோடு எழுந்து உட்காரத் தெரியாத பிள்ளை, விழாமலிருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். கடிவாளத்தின் மறுமுனை குதிரையின் வாய்க்குள் இருக்கும் இரும்பு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதன் வாயில் ஒரு வெட்டு இழுப்பு. பாதி மட்டக்குதிரைகள் முரடாவது இப்படித்தான். கை குலுங்காமல், சேணத்தைப் பிடிக்காமல், ஐந்து நிமிடம் டிராட்டில் உட்காரத் தெரிந்த பிறகு போட்டியைப் பற்றிப் பேசலாம்.

நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று, பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும் வகுப்புகளும் சில இடங்களில் உண்டு. அதில் விட்டால் தப்பே இல்லை. தலைவாரி, சட்டை மாட்டி, மேலே உட்கார வைத்து ஒரு போட்டோ. அதை ஒரு திருவிழா மாதிரி எடுத்துக்கொண்டால் போதும், போட்டியாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வயது என்று பார்த்தால், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் சிறுவர் பிரிவே 12 வயதில்தான் தொடங்கி 14 வரை போகிறது. மட்டக்குதிரைப் பிரிவு 12 முதல் 16 வரை. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் டிரெஸ்ஸாஜ் (சொன்னபடி அழகாகக் குதிரையை நடத்திக் காட்டும் பிரிவு) அணி தங்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "இப்பவே ஆரம்பிச்சாதான்" என்று துடிக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். 7 வயதில் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் எந்த ரயிலும் தவறிவிடாது.

அடுத்தது, "வளர்ற பிள்ளைதானே" தவறு. பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து மடித்துத் தைப்போம் அல்லவா, அதே புத்தி இங்கே ஆபத்து. பெரிய ஹெல்மெட் தலையில் ஆடும், விழும்போது பின்னால் நழுவிப் போகும். வார் போட்ட பிறகு தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட்டோடு சேர்ந்து புருவமும் அசைய வேண்டும். சைக்கிள் ஹெல்மெட், ஸ்கேட்டிங் ஹெல்மெட் எல்லாம் இதற்கு ஆகாது, குதிரையேற்றத்துக்கென்றே தர முத்திரை போட்டது வேண்டும். பெரிய பூட்ஸ் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையத்தில், சிக்கும். குதிகால் இல்லாத கேன்வாஸ் ஷூ அங்கவடிக்குள் முழுசாகப் புகுந்துவிடும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: பிள்ளை கீழே விழுந்தும் கால் மட்டும் மாட்டிக்கொண்டு இழுபடும். வெளிப்பக்கம் கம்பிக்குப் பதில் ரப்பர் வளையம் போட்ட அங்கவடி கிடைக்கிறது, அழுத்தம் வந்தால் கழன்றுவிடும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

குதிரையையே பெரிதாக வாங்குபவர்களும் உண்டு. தர்மபுரிக்காரர்களுக்கு மேட்டூர் வழியாகப் போனால் அந்தியூர் எட்டும் தூரம். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி என்று கண்ணைப் பறிக்கும் குதிரைகள் நிற்கும். சுழி பார்த்து, நிறம் பார்த்து, விலை பேசுவார்கள். சுழி நன்றாக இருக்கும் மூன்று வயது ஆண்குதிரை, எட்டு வயதுப் பிள்ளை அதன் காதுப்பக்கம் கீச்சென்று கத்தினால் என்ன செய்யும் என்று சுழியில் எழுதியிருக்காது. குழந்தைக்கு வேண்டியது, பார்க்க யாரும் நிற்காத, 12, 15 வயதான, காயடித்த சாதுவான மட்டக்குதிரை. பஸ் ஹாரன், பட்டாசு, பிளாஸ்டிக் பை எல்லாம் பார்த்துச் சலித்ததாக இருக்க வேண்டும். எடைக்கும் ஒரு கணக்கு உண்டு: பிள்ளையும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதற்கும் கீழே இருந்தால் நல்லது. 200 கிலோ மட்டக்குதிரைக்கு 40 கிலோதான் எல்லை. 14 வயது அண்ணனும் அதே குதிரையில் ஏறிப் பழகலாம் என்ற கணக்கு பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுவிடும்.

மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த ஊர் நம்முடையது. ஆனாலும் குதிரையின் பின்னால் போய் நிற்கக் கூடாது என்பது நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் நேர் பின்பக்கம் அதற்குக் கண் தெரியாது, திடுக்கிட்டால் உதைத்துவிடும். போட்டி நாளில் நாற்பது குதிரைகள் நிற்கும் இடத்தில் இது தெரியாத பிள்ளையை அலையவிடக் கூடாது. அதனால் முதல் போட்டிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போங்கள். தேய்த்துவிடட்டும், தண்ணீர் வாளி தூக்கட்டும், யாரோ ஒருவர் கடிவாளம் மாட்டுவதை அருகில் நின்று பார்க்கட்டும்.

வேலி ஓரத்தில் நின்று கத்துவது இன்னொன்று. "இடது பக்கம்மா! இடது! காலைப் போடு!" என்று நான் கத்தியது அந்த வீடியோவில் குதிரையை விடச் சத்தமாகக் கேட்கிறது. தாண்டுதல் போட்டிகளின் முறைப்படி, உள்ளே இருப்பவருக்கு வெளியிலிருந்து உதவினால் போட்டியிலிருந்தே நீக்கலாம். மணி அடிக்கும் முன் கிளம்பினாலும் நீக்கம்தான். மணி அடித்த பிறகு 45 விநாடி இருக்கிறது, அதற்குள் தொடங்கினால் போதும். பிள்ளைகள் இந்த 45 விநாடியை மூச்சுவிடவும் முதல் கட்டையைத் தேடவும் பயன்படுத்தலாம் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆரம்பநிலைப் போட்டிகளில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், அதையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

விழுந்தால்? விழுவார்கள். தலையில் அடிபட்டிருந்தால், "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று பிள்ளை எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஏற்றக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், சொன்னதையே திரும்பச் சொல்வது என்று எது தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதோடு சரி, மறுபடி போடக் கூடாது. டெட்டனஸ் ஊசி தேதி தாண்டிவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், லாயத்து மண்ணில் அது முக்கியம்.

இத்தனைக்கும் பிறகு, நான் கேட்கவே மறந்த கேள்வி ஒன்று இருந்தது: உனக்குப் போக ஆசையா? எட்டரை வயதில் மகள் டிரம் பக்கத்தில் நிறுத்தினாள், டிராட்டில் கை குலுங்காமல் உட்கார்ந்தாள், பயிற்சியாளரும் சரி என்றார். நான் மறுபடி பெயர் கொடுத்தேன். போட்டிக்கு முந்தின ராத்திரி சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அடுத்த தடவை போலாமாப்பா? இப்ப வேணாம்" என்றாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கட்டிய பணம் திரும்ப வராது என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தார்கள். வரவில்லை.