வெள்ளி அணுக்கள் இரண்டின் பிணைப்பாற்றலை அளத்தல்: தொடக்கநிலைச் செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளியின் ஆவியில் பெரும்பாலானவை தனி அணுக்களே. ஆயினும் சிறுபங்கு இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கும். டுரோவார், ஹோனிக் ஆகிய அறிவியலாளர் இருவரும் 1956இல் செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் ஆவியை, அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியான நிறை நிறமாலைமானியில் ஆராய்ந்தனர்.

முதலில், நுண்துளையிட்ட மூடியுள்ள கிராஃபைட் கலத்தில் தூய வெள்ளியை இட்டு, வெற்றிடத்தில் ஏறத்தாழ 1200 முதல் 1400 கெல்வின் வரை சூடாக்குங்கள். துளைவழி வரும் ஆவிக்கற்றை எலெக்ட்ரான் மோதலால் அயனியாகும். தனி அணு 107, 109 ஆகிய நிறைகளிலும், இரட்டை மூலக்கூறு 214, 216, 218 ஆகியவற்றிலும் தெரியும்.

அடுத்த படியில்தான் நான் பல வாரங்கள் தடுமாறினேன். வெற்றிடப் பம்பு எண்ணெயின் சிதைவுகளும் அதே நிறைகளில் வந்து விழுவதால், 216இல் தெரிவதெல்லாம் வெள்ளி என்று நம்பிவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டிய காலத்தில், பாலை எடைபோட்டபின் வாளியின் எடையைக் கழித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். இங்கும் அதே வேலைதான். கலத்துக்கும் அயனியாக்கிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை அளந்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதை ஒவ்வொரு வெப்பநிலையிலும் செய்ய வேண்டும். இரட்டையின் சமிக்ஞை மிக மெலிந்தது என்பதால், மின்னோட்டத்தை அளப்பதைவிட அயனிகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியையே நான் விரும்புகிறேன்.

பிறகு, தனி அணுச் சமிக்ஞையின் வர்க்கத்தை வெப்பநிலையால் பெருக்கி, இரட்டையின் சமிக்ஞையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். சாய்வின் எதிர்க்குறி மதிப்பை வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்கினால், அளந்த வெப்பநிலைகளின் சராசரியில் பிணைப்பை உடைக்கத் தேவைப்படும் வெப்பம் ஜூலில் கிடைக்கும். அதைச் சுழியக் கெல்வினுக்கு மாற்றினால், மோலுக்கு ஏறத்தாழ 160 கிலோஜூல் வர வேண்டும். வெப்பநிலையை ஏற்றி மட்டும் அளக்காமல், இறக்கியும் அளந்தால், கருவியின் மெதுவான நகர்வு சாய்வில் கலக்காது.

பின்சேர்க்கை: வெப்பநிலையால் ஏன் பெருக்க வேண்டும் என்று மாணவி ஒருவர் கேட்டார். அழுத்தம் சமிக்ஞைக்கு மட்டுமன்று, சமிக்ஞையும் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கத்துக்கே நேர்விகிதமானது. நமக்கு வேண்டியது தனி அணு அழுத்தத்தின் வர்க்கத்தை இரட்டையின் அழுத்தத்தால் வகுத்த சமநிலை மாறிலி. அதில் வெப்பநிலை மேலே இருமுறையும் கீழே ஒருமுறையும் வருவதால் ஒன்று எஞ்சுகிறது. இன்னொருவருக்கு 216 அளவுக்கு மீறி உயர்ந்திருந்தது. 214, 216, 218 ஆகியவை ஏறத்தாழ 27:50:23 என்ற விகிதத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், தகட்டை மூடி மீண்டும் அளவுங்கள்.