பக்கத்துக் காம்பராக்காரரை நிபந்தனையில்லாமல் நேசிப்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்து லயத்தில் காம்பராக்கள், அதாவது அறை வீடுகள், வரிசையாக ஒட்டியிருக்கும்; இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் பிள்ளை இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். எல்லாரையும் நேசிக்கிறேன் என்று ஜெபத்தில் சொல்வது சுலபம். அதனால் ஒரே ஆளில் தொடங்குங்கள். பீலியில் தண்ணீருக்குச் சண்டை பிடித்து, மாதக்கணக்காக முகம் பாராமல் போகிறவர் இருந்தால் அவரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணக் கணக்கை மூட வேண்டும். சத்துருவைச் சிநேகிக்கச் சொல்லும் லூக்கா 6:35, கைம்மாறு கருதாமல் கடன் கொடுக்கவும் சொல்கிறது. சம்பளத்துக்கு முந்திய வாரம் ஆயிரம் ரூபாய் கேட்டு வந்தால், அது திரும்பாவிட்டாலும் உங்கள் அடுப்பு எரியுமா என்று பாருங்கள். முந்நூறுதான் தாங்கும் என்றால் முந்நூறைக் கொடுங்கள், கொப்பியில் எழுதாதீர்கள். தாங்காததைக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளில் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கசந்துவிடும்.

பிறகு கையில் எதையாவது கொண்டு போங்கள். பெரிதாக வேண்டாம், வாங்குகிறவருக்கு அது பாரமாகிவிடும். பின்னேரம் ரொட்டி சுடும்போது இரண்டு கூடுதலாகச் சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு சூடாகக் கொண்டுபோய் வாசல் இஸ்தோப்பில் நின்றபடி, "அக்கா, பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பழைய சண்டையை அப்போது கிளறக்கூடாது. நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவருக்குச் சட்டென்று கோபம்தான் வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது நம் வழக்கம். அவர் வெறுமனே திருப்பினால் சுருக்கென்றுதான் இருக்கும். அடுத்த வாரமும் அதே இரண்டு ரொட்டியைக் கொடுங்கள்.

அநேகர் தவறுவது ரொட்டியோடு சபைக்கு அழைப்பையும் சேர்த்துவிடுவதில். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். சாப்பாட்டுக்குள் தூண்டில் இருக்கிறதோ என்று ஒருமுறை தோன்றிவிட்டால் அப்புறம் நீங்கள் எதைக் கொடுத்தாலும் சந்தேகம்தான். கேட்டால் இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். ஆயுசுக்கும் கேட்காவிட்டாலும் ரொட்டி நிற்க வேண்டாம். நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. நாம் திருந்தும்வரை அவர் காத்திருக்கவில்லை.

இந்த அன்பைக் காட்டி, அடிவாங்கிக்கொண்டு பொறுத்திரு என்று பெண்களுக்குச் சொல்வது பெரும் தவறு. குடித்துவிட்டு வருகிறவருக்குச் சோறு போடலாம். சாராயத்துக்குக் காசு கொடுக்கக்கூடாது. கை ஓங்கினால் பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விடுங்கள். இலங்கையில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. மன்னித்தவர் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

இரவில் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். "அவரை மாற்றும் ஆண்டவரே" என்ற ஜெபத்துக்குள் நம் கோபம் ஒளிந்துகொள்ளும். அவருக்கு இன்று என்ன தேவையோ அதை மட்டும் கேளுங்கள்: சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அந்தப் பிள்ளையின் இருமல் நிற்கட்டும் என்று.