ஊரில் மாத்திரை தீர்ந்துபோனால்: கொங்கு நாட்டு மெடிக்கல் கடைகளில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்காக இது. பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள் கோவை காந்திபுரத்தில் மட்டுமல்ல, காங்கேயத்திலும் கோபியிலும்கூடத் தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் பெயரில்தான். நீங்கள் அங்கே வாங்கும் பிராண்டை இங்குள்ள கடைக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கிளம்பும் முன்பே ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), மில்லிகிராம், எத்தனை வேளை என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூலப்பெயரே மாறுவதும் உண்டு: அமெரிக்காவின் அசிட்டமினோஃபென் இங்கே பாராசிட்டமால், ஆல்ப்யூட்டரால் இன்ஹேலர் இங்கே சால்ப்யூட்டமால்.

அடுத்தது பிராண்டின் வால், அதாவது பெயருக்குப் பின்னால் ஒட்டும் எழுத்து. பிரஷருக்கான டெல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏனுங்ணா, டெல்மா 40 ஒரு அட்டைங்க" என்றால், "வெறும் 40ங்களா, எச் போட்டதுங்களா?" என்று கேட்பார் நல்ல கடைக்காரர். எச் என்றால் கூடவே நீர் பிரியும் மருந்து. ஏஎம் என்றால் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் கிளைக்கோமெட்டுக்குப் பதில் கிளைக்கோமெட் ஜிபி வாங்கிவிட்டால், அதிலுள்ள கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடும். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விடுங்கள். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

சட்டப்படி, இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டுதான் செல்லும். பழைய அட்டையைப் பார்த்தே பிரஷர் மாத்திரை தருகிற கடைகள் உண்டு. அதை நம்பி வெறுங்கையோடு வர வேண்டாம். உங்கள் வெளிநாட்டுச் சீட்டை இங்குள்ள ஒரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது சின்ன வேலைதான். தூக்கத்துக்கான சோல்பிடெம், அல்பிரசோலம், வலிக்கான டிரமடால், ஆன்டிபயாடிக்கில் செஃபிக்ஸிம் போன்றவை ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் அவரிடம் சடைத்துப் பயனில்லை. கவனக்குறைபாட்டுக்கான மீதைல்ஃபெனிடேட் இன்னும் கடுமையான ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. சிற்றூர்க் கடைகளில் தேடாதீர்கள்.

காய்ச்சல் என்றதும் நாலு வித மாத்திரைகளைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு "காலை, ராத்திரிங்க" என்று நீட்டும் 'செட்' மாத்திரையை வாங்கவே வேண்டாம். எது என்ன என்று தெரியாது. ஸ்டீராய்டும் இருக்கலாம், இரண்டு மாத்திரையில் பாராசிட்டமாலும் ஒளிந்திருக்கலாம். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம்; 650 மி.கி. மாத்திரை ஆறிலேயே 3.9 கிராம் ஆகிவிடும். முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் இருக்கும். வெட்டிய துண்டில் அது வராது.

இன்சுலின் போடுபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வெளிநாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். இங்கே 40 யூனிட் குப்பியும் சர்வசாதாரணம். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகவே வாங்கி, இரண்டிலும் எண்ணை ஒத்துப்பாருங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐஸ் மேல் நேராகவும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். பிரிட்டன், கனடாக்காரர்கள் இங்கத்திய லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்: உங்கள் சர்க்கரை எண்ணை 18ஆல் பெருக்கினால் இங்குள்ள கணக்கு; 7 என்பது 126.

விலை குறைவாக வேண்டுமென்றால் மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி) இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த 1000 முதல்வர் மருந்தகங்களும் உண்டு. அங்கேயும் மூலப்பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பொங்கல், தீபாவளிக்குச் சிற்றூர்களில் கடை சாத்தியிருக்கலாம். இரண்டு நாள் முன்பே வாங்கி வையுங்கள்.

திரும்பும்போது மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், சீட்டும் பில்லும் கைப்பையில் இருக்கட்டும். கோவையிலிருந்து ஷார்ஜா, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் டிரமடாலையும் கோடீன் கலந்த இருமல் சிரப்பையும் முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்கவே கூடாது.